பழைய ஆலை நிலம், புதிய மாடி வீடு: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் மூடிய ஆலைகளின் நிலத்தைப் பற்றி நாலு வரி எழுதினேன். வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால், நாலு வரியில் முடிகிற சமாசாரம் இல்லை என்று புரிகிறது. திட்டமிடுபவர்கள் இதை 'பிரவுன்ஃபீல்டு' என்பார்கள். நான் 'புழங்கிய நிலம்' என்பேன். புழங்கிய பாத்திரத்தைக் கழுவிவிட்டுத்தானே அடுத்த வேலைக்கு எடுப்போம்? முப்பத்தொரு வருடம் இப்படிப்பட்ட இடங்களில் துளை போட்டு மண் எடுத்தவன் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன்.

ஐயா, முன்பு சாயத் தொழிற்சாலை இருந்த இடத்தில் 14 மாடிக் குடியிருப்பு வருகிறது. முன்பணம் கட்டிவிட்டோம். மண் பரிசோதனை செய்தீர்களா என்று கேட்டதற்கு, தடிமனான ஓர் அறிக்கையைக் காட்டி "எல்லாம் சரியாக இருக்கிறது" என்கிறார்கள். நம்பலாமா?
— ஐந்தாம் மாடிக்குப் பணம் கட்டிய வாசகி

அறிக்கையை நம்பலாம். அது எந்தக் கேள்விக்கான பதில் என்று மட்டும் பாருங்கள்.

'மண் பரிசோதனை' என்ற ஒரே பெயரில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்ப்பது. துளைக்குள் ஒரு குழாயை இறக்கி, 63.5 கிலோ சம்மட்டியை 76 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிடுவோம். குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி வாங்குகிறது என்று எண்ணுவோம். காலை முதல் மாலை வரை 'டங்... டங்...' என்று அந்தச் சத்தம்தான். வீடு வாங்க வருபவர்களிடம் பெரும்பாலும் காட்டுவது இந்த அறிக்கையை. இது இல்லாமல் அஸ்திவாரம் போட முடியாது, சரி. ஆனால் அந்தச் சம்மட்டிக்குக் குரோமியம் என்றால் என்னவென்று தெரியாது. மண்ணில் ஈயம் இருந்தாலும் அதே எண்ணிக்கைதான், இல்லாவிட்டாலும் அதே எண்ணிக்கைதான்.

இன்னொன்று ரசாயனப் பரிசோதனை. இதற்கு மண்ணைக் கண்ணாடிப் புட்டியில் விளிம்பு வரை அடைத்து, இறுக மூடி, குளிர்பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மேலே கொஞ்சம் காலி இடம் விட்டால் போதும், ஆவியாகும் ரசாயனம் அங்கே ஏறிவிடும். மூடியைத் திறந்ததும் பறந்துவிடும், அறிக்கை சுத்தமாக வரும். உங்களிடம் காட்டிய அறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். குரோமியம், ஈயம், ஆர்சனிக், பென்சீன் என்று பெயர்களும், பக்கத்தில் 'ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம்' என்ற கணக்கும் இருக்கிறதா? நிலத்தடி நீரையும் எடுத்துப் பார்த்திருக்கிறார்களா? இல்லை என்றால் உங்கள் கேள்வியை இன்னும் யாருமே கேட்கவில்லை என்று அர்த்தம்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: அந்த இடத்தில் என்ன நடந்தது, எந்த மூலையில் நடந்தது என்று கண்டுபிடிப்பது. பழைய வரைபடம், பழைய வான்படம், உரிமக் கோப்பு எல்லாம் பார்ப்போம். ஆனால் என் அனுபவத்தில், அங்கே வேலை பார்த்த ஒரு பெரியவருக்கு இணையான வரைபடம் கிடையாது. ஒருமுறை 25 மீட்டருக்கு ஒரு துளை என்று கட்டம் போட்டு ஒரு தளம் முழுவதையும் துளைத்து முடித்திருந்தோம். பெரிதாக ஒன்றும் இல்லை. மூட்டை கட்டுகிற நாளில், அங்கே ஃபிட்டராக இருந்தவர் ஒருவர் வேடிக்கை பார்க்க வந்தார். எங்கள் வரைபடத்தில் 'கிடங்கு' என்று போட்டிருந்த இடத்துக்குப் போய்க் கைத்தடியால் தரையைத் தட்டினார். "இங்கேதான் தம்பி, டிரம் கழுவுவோம். கழுவின தண்ணியை அப்படியே இந்தப் பள்ளத்தில் விட்டுடுவோம்." அந்தப் பள்ளம் எங்களுடைய இரண்டு துளைகளுக்கு நடுவே சரியாகத் தப்பியிருந்தது. அங்கே துளை போட்டோம். இரண்டு மீட்டரில் நெயில் பாலிஷ் அழிக்கிற திரவத்தின் வாடை குப்பென்று வந்தது. அந்த அறிக்கையை மறுபடி முதலிலிருந்து எழுதினேன்.

அப்புறம், பத்திரத்தையும் வரி வரியாகப் படியுங்கள். அமெரிக்காவில் நயாகரா ஃபால்ஸ் நகரத்தில், சுமார் 20,000 டன் ரசாயனக் கழிவைப் புதைத்து மூடிய ஒரு கால்வாய் நிலத்தை 1953-ல் பள்ளி வாரியத்துக்கு ஒரே ஒரு டாலருக்கு விற்றார்கள். லவ் கெனால் என்று பெயர். உள்ளே ரசாயனக் கழிவு இருக்கிறது என்று விற்பனைப் பத்திரத்திலேயே எழுதியிருந்தது. இருந்தும் அங்கே பள்ளிக்கூடம் வந்தது, சுற்றி வீடுகளும் வந்தன. 1978-ல் நெருக்கடி நிலை அறிவித்து மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. இப்படிப்பட்ட இடங்களைச் சுத்தம் செய்ய அந்த நாட்டில் 1980-ல் தனிச் சட்டம் வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கெட்ட மண்ணை மொத்தமாக அள்ளி வெளியே கொட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததுதானே?
— பொறியியல் மாணவர்

'வெளியே' என்று ஓர் இடம் இருந்தால் எனக்கும் காட்டுங்கள். உங்களுக்கு வெளியே என்பது வேறு யாருக்கோ வீட்டு வாசல்.

அள்ளிக்கொண்டு போவது ஒரு வழிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அங்கேயே கழுவலாம். லண்டனில் 2012 ஒலிம்பிக் பூங்கா கட்டிய இடம் பல தலைமுறைத் தொழிற்சாலைகள் புழங்கிய பள்ளத்தாக்கு. அங்கே 'மண் ஆஸ்பத்திரி' என்றே பெயர் வைத்து இயந்திரங்களை நிறுத்தி மண்ணைக் கழுவினார்கள். விஷம் பெரும்பாலும் நைசான வண்டலிலும் களிமண்ணிலும்தான் ஒட்டிக்கொள்ளும். மணலும் சரளையும் கழுவினால் சுத்தமாகிவிடும். ஆகவே நைசான பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, மற்றதை அங்கேயே திரும்பப் போட்டார்கள். எண்ணெய்க் கசிவாக இருந்தால் நுண்ணுயிரிகளுக்குத் தீனி போட்டு வளர்த்துத் தின்னவிடலாம். சியாட்டில் நகரத்தில் 1956-ல் மூடிய கரிவாயு ஆலையில், அதாவது நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுத்த ஆலையில், கழிவுநீர்ச் சேறும் மரத்தூளும் கலந்து மண்ணை உழுதார்கள். 1975-ல் அது பூங்காவாகத் திறந்தது. ஆர்சனிக்கை உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளும் ஒரு பெரணிச் செடி கூட இருக்கிறது. ஆனால் வருடக்கணக்கில் பொறுமை வேண்டும், வட்டி கட்டுகிற கட்டுநருக்கு அது வராது.

நாங்கள் தளத்தில் கேட்கிற கேள்வி மூன்று: விஷம் எங்கே இருக்கிறது? யாரைத் தொடும்? எந்த வழியாகப் போய்த் தொடும்? வழியை அடைத்துவிட்டால் விஷம் அங்கேயே இருந்தாலும் பெரும்பாலும் ஆபத்தில்லை. அதனால்தான் கார் நிறுத்துமிடத்துக்கு ஓர் அளவுகோல், குழந்தைகள் மண்ணில் விளையாடுகிற, காய்கறி போடுகிற தோட்டத்துக்கு வேறு அளவுகோல். தோட்டம் என்றால் மேலே அரை மீட்டருக்கு மேல் சுத்தமான மண், அதற்குக் கீழே பளிச்சென்ற நிறத்தில் ஒரு வலை. பின்னாளில் யாராவது மண்வெட்டியோடு வந்து தோண்டும்போது, வலை தட்டுப்பட்டால் 'இதோடு நிறுத்து' என்று அர்த்தம். அந்த வலையைப் பற்றி எந்த விற்பனைப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

நாங்கள் 22 வருடம் உழைத்த ஆலை மூடிக் கிடந்தது. இப்போது அங்கே வீடுகள் மட்டுமே வருகின்றன. "வேலைவாய்ப்பும் வரும்" என்று ஆரம்பத்தில் சொன்னார்கள். வந்தது காவலாளி வேலையும் துப்புரவு வேலையும்தான். இது எல்லா இடத்திலும் இப்படித்தானா?
— முன்னாள் தறி ஓட்டி

பெரும்பாலும் இப்படித்தான் ஆகிறது, ஐயா. காரணத்தை ஒளிக்க வேண்டியதில்லை. ஒரு சதுர மீட்டர் வீடாக விற்றால் கிடைப்பது, அதே சதுர மீட்டரைப் பட்டறையாக வாடகைக்கு விட்டால் கிடைப்பதைவிட மிக அதிகம். விதி கட்டிப்போடாவிட்டால் எல்லா மண்ணும் வீட்டுப் பக்கம்தான் சாயும். ஒருமுறை வீடாகிவிட்டால் முந்நூறு உரிமையாளர்கள். அப்புறம் அந்த நிலம் பட்டறையாகத் திரும்பாது.

மும்பையைப் பாருங்கள். 1982-ல் சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதோடு பல ஆலைகள் எழவே இல்லை. நகரத்தின் நடுவே சுமார் 600 ஏக்கர் ஆலை நிலம். 1991-ல் ஒரு விதி வந்தது: ஆலை நிலத்தை மாற்றிக் கட்டினால் மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்குத் திறந்தவெளியாக, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு. கேட்க நன்றாக இருக்கிறதா? 2001-ல் அதைத் திருத்தினார்கள்: பங்கு பிரிப்பது மொத்த நிலத்தை அல்ல, கட்டடம் இல்லாத காலி நிலத்தை மட்டும். ஆலை என்றால் நிலம் முழுக்கக் கொட்டகைதானே, காலி நிலம் எங்கே இருக்கும்? வழக்கு நடந்தது, 2006-ல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. ஒரே ஒரு வார்த்தை மாற்றத்தில் பூங்காவும் போயிற்று, ஏழை வீடும் போயிற்று. நான் யாருக்கும் அறிவுரை சொல்கிற ஆள் இல்லை, ஆனால் இப்படிப்பட்ட திட்டங்களில் 'நிலம்' என்ற சொல்லுக்கு விதிப் புத்தகத்தில் என்ன விளக்கம் என்பதை முதலில் படியுங்கள்.

பார்சிலோனா கொஞ்சம் வேறு மாதிரி செய்தது. பொப்ளேனோ என்ற பழைய ஆலைப் பகுதி, ஏறத்தாழ 200 ஹெக்டேர். 2000-ல் '22@' என்று ஒரு திட்டம் போட்டார்கள். உரிமையாளர் முன்பைவிட அதிகமாகக் கட்டிக்கொள்ளலாம். பதிலுக்கு நிலத்தில் 30 சதவீதத்தை நகரத்துக்குக் கொடுக்க வேண்டும். அது பசுமைக்கும், மானிய வீடுகளுக்கும், தொழில் சார்ந்த வசதிகளுக்கும் போகும். ஆலைப் பகுதியில் குடியிருப்பதே விதிமீறல் என்று இருந்த நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பழைய வீடுகளுக்கும் அங்கீகாரம் கொடுத்தார்கள். எல்லாம் இனித்ததா என்றால் இல்லை. பழைய பட்டறைக்காரர்களும் ஓவியர்களும் வெளியேற வேண்டி வந்தது. கான் ரிக்கார்ட் என்ற ஆலை வளாகத்தைக் காப்பாற்றப் போராட்டமே நடந்தது. ஆனாலும் வேலைக்கென்று அங்கே இடம் மிச்சமிருக்கிறது. அது தானாக நடக்கவில்லை, விதியால் நடந்தது.

அடுத்த முறை "வேலைவாய்ப்பு வரும்" என்று யாராவது மேடையில் சொன்னால், என்ன வேலை, எத்தனை சதுர மீட்டர் என்று கேளுங்கள். இங்கிலாந்தில் திட்டமிடுபவர்கள் கையில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: அலுவலகம் என்றால் ஓர் ஆளுக்கு 10 முதல் 13 சதுர மீட்டர், சிறு தொழில் என்றால் 47, பெரிய சரக்குக் கிடங்கு என்றால் 70-க்கு மேல். கிடங்கைக் கட்டிவிட்டு அலுவலகக் கணக்கில் ஆள் சொல்பவர்கள் உண்டு.

நகரத்தில் மூச்சுவிட இடமில்லை. காலியான ஆலை நிலத்தையாவது பூங்காவாக விடக்கூடாதா? ஏன் அங்கேயும் நெருக்கமாகக் கட்ட வேண்டும்?
— ஓய்வுபெற்ற ஆசிரியை

பூங்காவாக விட்ட இடமும் உண்டு. ஜெர்மனியில் டூயிஸ்பர்க் நகரில் 1985-ல் மூடிய இரும்பாலையைப் பூங்காவாக்கினார்கள். அங்கேயிருந்த எரிவாயுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஆட்கள் முக்குளிப்பு உடையோடு முக்குளிக்கிறார்கள். எனக்கும் பிடிக்கும். ஆனால் ரயிலும் தண்ணீர்க் குழாயும் ஏற்கெனவே வாசலுக்கு வந்திருக்கிற இடத்தைக் காலியாக விட்டால், அந்த வீடுகள் நகரத்துக்கு வெளியே வயலைத் தின்றுதான் எழும். தவிர, மண்ணைச் சுத்தம் செய்யும் செலவு மேலே 40 வீடு கட்டினாலும் 400 வீடு கட்டினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். 400 பேர் பங்கு போட்டால்தான் அது கட்டுப்படியாகும்.

நெருக்கம் என்றதும் வானளாவிய கட்டடம் என்று நினைக்க வேண்டாம், டீச்சர். ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ஹெக்டேர் நிலம், 10,000 சதுர மீட்டர். தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்.எஸ்.ஐ., 3 என்றால் 30,000 சதுர மீட்டர் கட்டலாம். ஆறு மாடியாகக் கட்டினால் நிலத்தில் பாதியை அடைக்கும். இருபது மாடி என்றால் 15 சதவீதம்தான் அடைக்கும். மீதி 85 சதவீதம் பூங்கா என்று படத்தில் பச்சையாக வரைவார்கள். கட்டி முடித்ததும் போய்ப் பாருங்கள், பாதியில் கார் நிற்கும். ஆறு மாடி என்றால் நடுவில் முற்றம், வெளியே தெருவைப் பார்த்த கதவுகள். குழந்தை கீழே விழுந்தால் ஜன்னலிலிருந்து கூப்பிட்டால் கேட்கும். பார்சிலோனாவின் பழைய சதுரத் தெருக்கள் இப்படிப்பட்டவைதான். ஐரோப்பாவில் மிக நெருக்கமாக மக்கள் வாழும் பகுதிகளில் அதுவும் ஒன்று.

அதே 30,000-ல் தரைத்தளத்தின் 4,000 சதுர மீட்டரைச் சிறு தொழிலுக்கு ஒதுக்குங்கள். முன்பு சொன்ன 47 கணக்கில் ஏறத்தாழ 85 பேருக்கு வேலை. மீதி 26,000-ல், படிக்கட்டு நடைவழி எல்லாம் சேர்த்து வீட்டுக்கு 80 என்று வைத்தால், 325 வீடு. வீடா வேலையா என்று சண்டை போடவே தேவையில்லை. ஆனால் தரைத்தளத்தை வீட்டு உயரத்துக்குக் கட்டிவிட்டு 'இங்கே பட்டறை வரலாம்' என்றால் வராது. ஹாம்பர்க் துறைமுகத்தில் 157 ஹெக்டேரில் ஹாஃபன்சிட்டி கட்டியபோது, தரைத்தளம் சுமார் 5 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்றார்கள். உயரம், மூன்று ஃபேஸ் மின்சாரம், லாரி பின்வாங்க இடம், பாரம் தாங்கும் தரை. இந்த நாலும் வரைபடத்தில் இல்லையென்றால் அந்தப் பட்டறை வெறும் எழுத்துதான்.

எங்கள் லேத் பட்டறை 19 வருடமாக இருக்கிறது. பக்கத்து ஆலை நிலத்தில் ஃபிளாட் வந்தது. இப்போது சத்தம் என்று எங்கள் மேல் புகார். யார் பக்கம் நியாயம்?
— பட்டறை உரிமையாளர்

உங்கள் பக்கம். பிறகு வந்தவர்தான் தடுப்புக்குப் பொறுப்பு என்பது பல நாடுகளில் விதியாகவே வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இசை அரங்குகளுக்காக இதைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் திட்டக் கொள்கையில் 2018-ல் சேர்ந்தது. இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட வேண்டியவர் புதிதாகக் கட்டியவர். உங்கள் ஊர் விதியில் இது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும், அனுமதி கொடுக்கும் முன் நடக்கிற கருத்துக்கேட்பில் உங்கள் உரிமத் தேதியோடு எழுத்தில் ஆட்சேபணை கொடுத்திருக்க வேண்டும். ஃபிளாட் வந்த பிறகு கொடுப்பது கொஞ்சம் பிந்தியதுதான், பரவாயில்லை, கொடுங்கள்.

இப்படிப்பட்ட குடியிருப்பில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொள்ளலாமா?
— குடியிருப்போர் சங்கச் செயலாளர்

வேண்டாம். ட்ரை கிளீனிங், உலோகம் கழுவும் திரவங்கள் தண்ணீரைவிடக் கனமானவை. நீரில் மிதக்காமல் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். நீங்கள் போடுகிற துளை அவற்றுக்கு இன்னும் ஆழமாக இறங்க ஓர் ஏணி.

பழைய புகைபோக்கியையும் இரும்புத் தூண்களையும் ஏன் விட்டுவைக்கிறார்கள்? வெறும் அலங்காரமா?
— கல்லூரி மாணவி

பாதி அலங்காரம்தான். லண்டன் கிங்ஸ் கிராஸில் கரிவாயுத் தொட்டிகளின் இரும்புச் சட்டங்களைக் கழற்றிப் பழுதுபார்த்துத் திரும்ப நிறுத்தினார்கள். மூன்று சட்டங்களுக்குள் 145 ஃபிளாட், இன்னொன்றுக்குள் சின்னப் பூங்கா. விலை அதிகம், படம் எடுக்க அழகு. ஆனால் அங்கேயே 1852-ல் கட்டிய தானியக் கிடங்கில் 2011-ல் ஒரு கலைக் கல்லூரி வந்தது. ஆயிரக்கணக்கான மாணவர்கள் தினமும் நடமாட, அந்த இடம் பிழைத்தது. விட்டுவைத்த கட்டடத்துக்குள் ஆள் வேலை செய்கிறாரா என்று பாருங்கள்.

சரி ஐயா, இவ்வளவு சொல்கிறீர்களே. நீங்கள் இப்படிப்பட்ட இடத்தில் வீடு வாங்குவீர்களா?
— பெயர் வேண்டாம் என்றவர்

வாங்கி ஒன்பது வருடமாகிறது. இரண்டாம் மாடி. அச்சகம் இருந்த இடம், ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்து அச்சகம். கீழே படத்துக்குச் சட்டம் போடுகிற கடை. காலை எட்டரைக்கு ரம்பம் ஓட ஆரம்பிக்கும், எனக்கு அதுதான் கடிகாரம். வாங்கும் முன் ரசாயன அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்தேன். பழைய எழுத்தை உருக்கிய மூலை மட்டும் சரியில்லை என்று இருந்தது. அங்கே கான்கிரீட் போட்டுச் சைக்கிள் நிறுத்துமிடமாக்கியிருக்கிறார்கள். போன மாதம் என் பேத்தி அந்தக் கான்கிரீட் விளிம்பில் வெண்டை விதை போட வேண்டும் என்று நின்றாள். தொட்டி வாங்கிக் கொடுத்து மாடிக்குக் கூட்டி வந்துவிட்டேன்.